தெர்யே வீகன் (1917) – சுவீடிய மௌனப் படம்: ஒரு திறனாய்வு

தெர்யே வீகன் 1917ஆம் ஆண்டு ஜனவரி 29 அன்று வெளியான சுவீடிய மௌனப் படம். நார்வே எழுத்தாளர் ஹென்ரிக் இப்சன் இதே தலைப்பில் எழுதிய கதைக்கவிதையின் திரைவடிவம் இது. விக்டர் ஷோஸ்ட்ரோம் (1879–1960) இதை இயக்கியதோடு, கதைத் தலைவனாகத் தாமே நடித்தார். ஓடும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் 'ஒரு மனிதன் இருந்தான்' என்று பொருள்படும் தலைப்பில் இது அறியப்படுகிறது.

சுவீடிய சினிமாவின் பொற்காலம் இந்தப் படத்திலிருந்து தொடங்குவதாகத் திரைப்பட வரலாற்று நூல்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றன. இயற்கையை வெறும் பின்னணியாக விடாமல் கதையில் ஒரு பாத்திரமாகவே ஆக்கிய படம் என்ற புகழும் இதற்கு உண்டு. இரண்டும் சரியே. ஆனால் இரண்டாவது கூற்றை மட்டும் பிடித்துக்கொண்டு, 'மனிதனுக்கும் கடலுக்கும் நடக்கும் போராட்டம்' என்று படத்தைச் சுருக்கிவிடும் வழக்கமும் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் படத்தின் உயிர்நாடி நழுவிப்போகும். தெர்யே வீகனின் குடும்பத்தைக் கொன்றது கடல் அன்று. மனிதர்கள் திட்டமிட்டு உண்டாக்கிய பசி. இந்த வேறுபாட்டைப் படம் எவ்வளவு கவனமாகக் காட்டுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றுப் பின்னணி

கதையைப் புரிந்துகொள்ள அக்கால வரலாறு சிறிது தெரிந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கும் நார்வேயும் ஒரே மன்னரின் ஆட்சியில் இருந்தன. நெப்போலியனுடன் போரில் ஈடுபட்டிருந்த பிரிட்டன், டென்மார்க்கின் போர்க்கப்பல்கள் பிரான்சின் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி, 1807இல் கோபன்ஹேகன் நகரைக் குண்டுவீசித் தாக்கி அந்தக் கப்பல்களைக் கைப்பற்றியது. அதன்பின் டென்மார்க்–நார்வே அரசு நெப்போலியன் பக்கம் சேர்ந்தது. பிரிட்டிஷ் கடற்படை நார்வேயின் கரையைச் சுற்றி முற்றுகையிட்டது.

நார்வே மலையும் பாறையும் நிறைந்த நாடு. விளைநிலம் குறைவு. தேவையான தானியத்தில் பெரும்பங்கு டென்மார்க்கிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். கடல் வழி அடைபட்டதும் நாடு பட்டினியில் விழுந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளும் இடையில் வந்து சேர்ந்தன. மரப்பட்டையை இடித்து மாவுடன் கலந்து ரொட்டி சுட்டுத் தின்ற காலம் அது. கரையோரத்து ஆண்கள் சிலர் முற்றுகையைக் கடந்து, சிறு படகுகளில் டென்மார்க் சென்று தானியம் கொண்டுவர முயன்றனர். பிடிபட்டவர்கள் இங்கிலாந்தில் சிறை வைக்கப்பட்டனர். 1814இல் போர் முடிந்த பிறகே கைதிகள் ஊர் திரும்ப முடிந்தது.

முற்றுகை என்பது போர்க்களத்திலிருந்து விலகி நிற்கும் போர்முறை. குறி போர்வீரனாக இருந்தாலும் அடி விழுவது அடுப்பில்தான். எதிரி நாட்டுக் குழந்தையின் உணவும் இம்முறையில் தடுக்கப்பட்ட சரக்காகிவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டே படத்தைப் பார்க்க வேண்டும்.

இப்சனின் கவிதை

இப்சன் 1844 முதல் 1850 வரை, தம் பதினைந்தாம் வயது முடியும் தறுவாயிலிருந்து, தெற்கு நார்வேயின் கிரிம்ஸ்டாட் என்ற சிறு துறைமுக ஊரில் மருந்துக் கடைப் பயிற்சியாளராக வேலை பார்த்தார். முற்றுகைக் காலத்தைக் கண்ட முதியவர்கள் அப்போது அங்கே உயிருடன் இருந்தனர். அந்த ஊர் மாலுமிகளின் அனுபவங்கள் அவர் காதில் விழுந்தன. 1862இல் வெளியான கதைக்கவிதைக்கு அவையே விதை. பிற்காலத்தில் 'ஒரு பொம்மையின் வீடு' போன்ற நாடகங்களால் உலகப் புகழ் பெற்ற இப்சன், நார்வேயில் இந்தக் கவிதைக்காகவும் நினைக்கப்படுகிறார். பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்ட கவிதை இது.

எனவே ஷோஸ்ட்ரோம் படமெடுக்க முனைந்தபோது, ஸ்காண்டிநேவியப் பார்வையாளர்களுக்குக் கதை முன்பே தெரியும். முடிவு என்ன என்ற ஆவலை நம்பி இப்படத்தை நடத்த வழியில்லை. தெரிந்த கதையைக் கண்முன் காட்டும்போது கூடுதலாக என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு அவர் விடை காண வேண்டியிருந்தது.

படம் உருவான விதம்

ஸ்வென்ஸ்கா பியோகிராஃப்தியாத்தர்ன் என்ற நிறுவனம் படத்தைத் தயாரித்தது. அதன் தலைவர் சார்லஸ் மாக்னுசன். இப்சனின் கவிதையைப் படமாக்கும் யோசனைக்கு ஷோஸ்ட்ரோம் முதலில் தயங்கினார். பிறகு நார்வேக்குச் சைக்கிள் பயணம் சென்று, கிரிம்ஸ்டாட் வரை போய் அந்தக் கரையை நேரில் பார்த்த பின்னரே மனம் மாறினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. திரைக்கதையில் குஸ்தாஃப் மொலாண்டர் பங்கேற்றார். ஒளிப்பதிவு யூலியஸ் யென்சன். 1916ஆம் ஆண்டின் கோடை இறுதியிலும் இலையுதிர் காலத்திலும் படப்பிடிப்பு நடந்தது. கடல் காட்சிகளில் பெரும்பகுதி ஸ்டாக்ஹோமுக்கு அப்பாலுள்ள தீவுக்கூட்டப் பகுதியில் எடுக்கப்பட்டது.

செலவு 60,000 குரோனர் அளவில் ஆயிற்று. அந்நிறுவனம் வழக்கமாக ஒரு படத்துக்குச் செலவிட்ட தொகையைவிட இது பல மடங்கு அதிகம். மலிவான படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளும் முறை நிலவிய காலத்தில் இது துணிச்சலான முடிவு. படம் வெற்றி பெற்றதும் மாக்னுசன் தம் கொள்கையையே மாற்றினார்: எண்ணிக்கையைக் குறைத்து, இலக்கியத் தரமுள்ள கதைகளை அதிகப் பொருட்செலவில் எடுப்பது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் ஷோஸ்ட்ரோமும் மொரிட்ஸ் ஸ்டில்லரும் எடுத்த முக்கியமான படங்களுக்கு வழி திறந்தது இந்த மாற்றமே.

கதைச் சுருக்கம்

படம் முதுமையிலிருந்து தொடங்குகிறது. நரைத்த தலையுடன் தெர்யே புயல் வீசும் கடலைப் பார்த்திருக்கிறான். பின்னர் கதை அவனுடைய இளமைக்குத் திரும்புகிறது. துடிப்பும் குறும்பும் நிறைந்த மாலுமியான தெர்யே, வீடு திரும்பித் தன் பச்சிளம் மகளைப் பார்த்த நாளிலிருந்து பொறுப்புள்ளவனாக மாறுகிறான். பிறகு போர் வருகிறது, முற்றுகை வருகிறது, பசி வருகிறது.

1809ஆம் ஆண்டு. மனைவிக்கும் மகளுக்கும் உணவு தேடித் தெர்யே தனியாளாகச் சிறு படகில் டென்மார்க் நோக்கித் துடுப்பு வலிக்கிறான். கிரிம்ஸ்டாட் கரைக்கும் டென்மார்க்கின் வடமுனைத் துறைமுகத்துக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் திறந்த கடல். பார்லி கிடைக்கிறது. கவிதையின்படி மூன்று பீப்பாய். ஊர்க் கரை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் ஆங்கிலப் போர்க்கப்பலின் ஆட்கள் அவனைத் துரத்திப் பிடிக்கின்றனர். படகு உடைந்து பார்லி கடலில் மூழ்குகிறது. தெர்யே மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். இளம் கப்பல் தலைவன் அதைப் பொருட்படுத்தவில்லை. கவிதையில் அவனுக்கு வயது 18.

ஐந்தாண்டுச் சிறைவாசத்துக்குப் பின், 1814இல், தெர்யே ஊர் திரும்புகிறான். வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். மனைவியும் மகளும் பசியால் இறந்து, ஏழைகளுக்கான குழியில் புதைக்கப்பட்ட செய்தி கிடைக்கிறது. அதன்பின் அவன் வெளித்தீவு ஒன்றில் தனியே வாழ்ந்து, பைலட் எனப்படும் கப்பல் வழிகாட்டியாகப் பிழைக்கிறான்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு புயல் நாளில் ஆங்கிலப் பிரபு ஒருவரின் உல்லாசக் கப்பல் ஆபத்தில் சிக்குகிறது. வழிகாட்டச் செல்லும் தெர்யே, அந்தப் பிரபுதான் தன் பார்லியைக் கடலில் மூழ்கடித்த பழைய கப்பல் தலைவன் என்று அறிகிறான். பிரபுவையும் அவர் மனைவியையும் குழந்தையையும் தன் படகில் ஏற்றிக்கொண்டவன், படகின் அடிப்பலகையை உடைத்து, குழந்தையைக் கையில் எடுக்கிறான். பழி தீர்க்கும் தருணம். ஆனால் அவன் கை தளர்கிறது. குழந்தையைத் திருப்பிக் கொடுக்கிறான். மூவரும் உயிர் பிழைக்கின்றனர்.

கடல்: பகையா, களமா?

மேலே சொன்ன கதையில் கடல் செய்தது என்ன என்று ஒவ்வொரு நிகழ்ச்சியாக எண்ணிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். டென்மார்க்குக்குப் போகும்போது கடல் தெர்யேயை விழுங்கவில்லை. திரும்பும்போதும் கரைவரை சுமந்து வந்தது. பார்லியை மூழ்கடித்தது கப்பல் தலைவனின் கட்டளை. பிற்பாடு தெர்யேக்குச் சோறு போட்டதும் அதே கடல்தான். அவன் தொழில் கடல் தொழில். இறுதியில் பகைவனைக் கொண்டுவந்து அவன் கையில் ஒப்படைத்ததும் அதே கடல்.

அப்படியானால் படம் முழுவதும் கடல் ஏன் இவ்வளவு சீற்றத்துடன் காட்டப்படுகிறது? தெர்யேயின் உள்ளத்தைக் கடல் எதிரொலிக்கிறது என்பது வழக்கமான விளக்கம். தொடக்கக் காட்சியில் அலைகளின் சீற்றமும் முதியவனின் முகமும் மாறி மாறி வரும்போது அந்த விளக்கம் பொருந்தவே செய்கிறது. ஆனால் படம் அதற்கு மேலும் ஒன்றைச் செய்கிறது. கடலின் சீற்றத்துக்கு நோக்கம் கிடையாது என்பதைக் காட்டுகிறது. ஏழையின் படகையும் பிரபுவின் கப்பலையும் அது ஒரே விதமாகத்தான் அலைக்கழிக்கிறது. யாருடைய கொடி பறக்கிறது என்று பார்ப்பதில்லை. கொடி பார்த்துப் பசியை அனுப்புவது மனிதன் மட்டுமே.

இவ்விடத்தில் ஷோஸ்ட்ரோமின் முந்தைய படமான இங்கெபோர்க் ஹோல்ம் (1913) நினைவுக்கு வருகிறது. கணவனை இழந்த ஒரு பெண், ஏழைகள் விடுதியில் சேர நேர்ந்து, தன் பிள்ளைகளைப் பிறர் வளர்ப்புக்கு விட வேண்டிய நிலைக்கு ஆளாகிறாள். அதில் தனியொரு கொடியவன் கிடையாது. விதிகள் உண்டு, விதிகளை நிறைவேற்றும் அலுவலர்கள் உண்டு. அந்தப் படம் சுவீடனில் ஏழைகள் சட்டம் குறித்த விவாதத்தை எழுப்பியது. வறுமை வானத்திலிருந்து விழுவதில்லை, மனித ஏற்பாடுகளால் விளைகிறது என்ற பார்வை ஷோஸ்ட்ரோமிடம் முன்பே இருந்ததற்கு அது சான்று. தெர்யே வீகனில் அதே பார்வை கடலுக்கு வந்திருக்கிறது.

இரண்டு படகுகள்

படத்தின் அமைப்பு இரண்டு காட்சிகளின் மீது நிற்கிறது. முதல் காட்சியில் தெர்யேயின் படகு உடைபடுகிறது, அவன் கெஞ்சுகிறான், ஆங்கிலத் தலைவன் மேலே நிற்கிறான். இரண்டாம் காட்சியில் தெர்யே தானே படகை உடைக்கிறான், ஆங்கிலேயன் கெஞ்சுகிறான், தெர்யே மேலே நிற்கிறான். இடம் மாறிய இந்த ஒற்றுமையை எளிதில் காணலாம். கூர்ந்து பார்க்க வேண்டியது படகுகளில் இருந்த பொருளை.

முதல் படகில் இருந்தது பார்லி. அந்தப் பார்லி யாருக்கு? வீட்டில் காத்திருக்கும் மகளுக்கு. தெர்யேயின் கண்ணில் ஒவ்வொரு பீப்பாயும் குழந்தையின் உயிர். தலைவனின் கண்ணில் அது முற்றுகையை மீறிய சரக்கு. அவன் குழந்தையைப் பார்க்கவில்லை. அவனுக்கு அது தென்படவும் இல்லை. கொடுமை செய்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் ஒரு கொடுமையைச் செய்து முடிக்கிறான்.

இரண்டாம் படகில் இருப்பது குழந்தையே. இப்போது மறைந்திருக்கும் பொருள் எதுவும் இல்லை. தெர்யே கையில் எடுத்திருப்பதற்குக் கண்ணும் முகமும் உண்டு. பழிவாங்க வேண்டுமென்றால் அவன் ஒன்று செய்தாக வேண்டும்: அந்த முகத்தைப் பார்த்தும் அதைக் கணக்கில் ஓர் எண்ணாக, தன் மகளுக்கு ஈடாக மட்டும் எண்ண வேண்டும். அதாவது 18 வயதுத் தலைவன் கண்ட விதத்தில் காண வேண்டும். அது அவனால் முடியவில்லை. பசியால் இறந்த மகளின் தகப்பன் என்பதனாலேயே முடியவில்லை.

இப்படிப் பார்த்தால் படத்தின் முடிவு 'மன்னிப்பே உயர்ந்தது' என்ற நீதிமொழியோடு நின்றுவிடுவதில்லை. தெர்யே பெருந்தன்மை காட்டியதைவிட முக்கியமானது, அவன் சரியாகப் பார்த்தது. எதிரியின் குழந்தை அவனுக்குக் குழந்தையாகவே தெரிந்தது. கவிதையின் முடிவிலும் இந்தக் குறிப்பு உண்டு: உயிர்களைக் காத்த பெருமையைத் தெர்யே தனக்கு எடுத்துக்கொள்ளாமல் அந்தக் குழந்தைக்கே தருகிறான்.

சினிமாவுக்கு இந்தக் கதை பொருந்தி வருவதும் இதனால்தான். பார்வைதான் இக்கதையின் மையம். பார்வைதான் சினிமாவின் கருவி. மூழ்கும் பார்லியைப் பார்க்கும்போது நமக்கு வீட்டிலுள்ள மகள் நினைவுக்கு வருகிறாள், ஏனெனில் அவளை முன்பே படம் நமக்குக் காட்டியிருக்கிறது. கப்பல் தலைவனுக்கு அந்தக் காட்சி கிடைக்கவில்லை. பார்வையாளருக்கும் தலைவனுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே.

நடிப்பும் ஒளிப்பதிவும்

ஷோஸ்ட்ரோம் மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். கைகளை விரித்தல், முட்டியை இறுக்குதல், கண்களை உருட்டுதல் போன்ற பெரிய அசைவுகள் இப்படத்திலும் உண்டு. இன்றைய மாணவர் ஒருவருக்கு அவை மிகையாகத் தோன்றலாம். ஆனால் 1917க்கு முந்தைய பல படங்களோடு ஒப்பிட்டால் இங்குள்ள அடக்கம் புலப்படும். உழைக்கும் காட்சிகளில் அந்த அடக்கம் மிகுதி. துடுப்பு வலிக்கும் மனிதன் நடிக்க வேண்டியதில்லை, வலித்தால் போதும். முதுகு வளைவதும் தோள் இறுகுவதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகின்றன. ஸ்டுடியோத் தொட்டியில் எடுத்திருந்தால் இந்த எடை கிடைத்திருக்காது. உண்மையான அலையின்மீது உண்மையான படகில் இருக்கும் உடலுக்குத் தன்னைத் தாங்கிக்கொள்ளவே நேரம் சரியாக இருக்கும். அங்கே மிகைக்கு இடமில்லை.

இளமையில் கப்பற் கயிறுகளில் தாவும் மாலுமி, பசிக்கு அஞ்சிய தகப்பன், சிறையிலிருந்து திரும்பிய வெறுமை மனிதன், நரைத்த வழிகாட்டி என நான்கு நிலைகளை ஒரே மணி நேரத்தில் அவர் தாண்டுகிறார். இவற்றில் சிறந்தது மூன்றாவது. வீட்டு வாசலில் அந்நியரைக் காணும் காட்சியில் அவர் அழுது புலம்புவதில்லை. செய்தி உள்ளே இறங்கும்வரை காத்திருக்கிறார். படத்தின் மிகப் பெரிய இழப்பு ஆரவாரமில்லாமல் சொல்லப்படுகிறது.

யென்சனின் ஒளிப்பதிவைப் பற்றிப் பேசும்போது அக்காலப் படச்சுருளின் இயல்பையும் அறிய வேண்டும். அந்தச் சுருள் நீல நிற ஒளியை மிகுதியாகவும், சிவப்பை ஏறக்குறைய இல்லாமலும் பதிவு செய்யும். எனவே நீல வானம் வெளுத்துப்போய்விடும். வெயிலில் கறுத்த முகம் மேலும் இருண்டு தெரியும். இந்தக் குறையையே யென்சன் பயன்படுத்திக்கொள்கிறார். வெளிறிய வானத்தின் முன் கரிய பாறையும், பாறைமேல் கரிய மனித உருவமும், கீழே வெண்ணுரையும் கூர்மையாகப் பிரிந்து நிற்கின்றன. மனிதன் சிறியவன், ஆனால் தெளிவாகத் தெரிபவன். கடல் அவனை அழித்துவிடுவதில்லை, அளந்து காட்டுகிறது.

எழுத்து அட்டைகள்

மௌனப் படங்களில் காட்சிகளுக்கு இடையே எழுத்து அட்டைகள் தோன்றும். வழக்கமாக அவற்றில் உரையாடலோ, கதையை நகர்த்தும் குறிப்போ இருக்கும். இப்படத்தில் இப்சனின் கவிதை வரிகளே சுவீடிய மொழியில் அட்டைகளாக வருகின்றன. இதனால் நன்மையும் உண்டு, சிக்கலும் உண்டு.

நன்மை: கதை சொல்பவரின் குரல் படம் முழுவதும் தொடர்கிறது. ஊர் முதியவர் ஒருவர் பழைய செய்தியைச் சொல்லக் கேட்பது போன்ற உணர்வு கிடைக்கிறது. கவிதையின் தாளமும் படத்தொகுப்பின் வேகமும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

சிக்கல்: சில இடங்களில் அட்டை முன்னதாகவே சொல்லிவிட்டதைக் காட்சி திரும்பச் சொல்கிறது. அங்கே படம் கவிதைக்கு ஓவியம் வரைவது போல ஆகிவிடுகிறது. அட்டை ஓய்ந்து கடலும் உடலும் மட்டும் பேசும் இடங்களில், குறிப்பாகத் துரத்தல் காட்சியிலும் இறுதிப் படகுக் காட்சியிலும், படம் கவிதையின் துணையின்றித் தன் காலில் நிற்கிறது.

வெளியான காலம்

இப்படம் 1809இன் பசியைப் பற்றியது. ஆனால் அது திரைக்கு வந்த மாதம் தற்செயலாக அமைந்தாலும் பொருள் மிக்கது. முதல் உலகப் போர் மூன்றாம் ஆண்டில் இருந்தது. பிரிட்டிஷ் கடற்படை மீண்டும் வடகடலில் முற்றுகையிட்டிருந்தது. சுவீடனும் நார்வேயும் நடுநிலை நாடுகள். ஆயினும் உணவு இறக்குமதி சுருங்கியது. சுவீடனில் 1917 ஜனவரியில்தான் ரொட்டிக்குப் பங்கீடு வந்தது. படம் வெளியான மூன்றாம் நாள், பிப்ரவரி 1 அன்று, ஜெர்மனி கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியது. நார்வேயின் வணிகக் கப்பல்கள் போர்க்காலத்தில் நூற்றுக்கணக்கில் மூழ்கின. அவ்வாண்டின் வசந்த காலத்தில் சுவீடனின் பல ஊர்களில் உணவு கேட்டு மக்கள் தெருவுக்கு வந்தனர்.

பங்கீட்டு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரையரங்கில் அமர்ந்த ஒருவருக்குத் தெர்யேயின் பார்லி பழங்கதையாக இருந்திருக்க முடியாது. இப்படத்தை இயற்கையோடு மனிதன் நடத்தும் போராட்டம் என்று மட்டும் வாசிக்கும்போது இழக்கப்படுவது இந்தக் காலப்பொருத்தமே. புயலை மனிதன் நிறுத்த முடியாது. முற்றுகையை நிறுத்த முடியும்.

குறைகள்

படத்தின் பெருமையை ஏற்றுக்கொண்டே சில குறைகளையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, தெர்யேயின் மனைவி. பெர்க்லியோட் ஹுஸ்பெர்க் நடித்த இந்தப் பாத்திரத்துக்குத் தனிப் பெயர்கூட இல்லை. பசியின் முழுச் சுமையையும் தாங்கியவள் அவள். ஐந்து ஆண்டுக் காத்திருப்பில் அவள் எப்படிப் போராடினாள், யாரிடம் கை ஏந்தினாள் என்ற கேள்விகள் படத்தின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. இங்கெபோர்க் ஹோல்மில் ஒரு தாயின் துயரத்தை நடுவில் வைத்த இயக்குநர், இங்கே தகப்பனின் துயரத்தின் நிழலில் தாயை விட்டுவிட்டார். மூலக்கவிதையும் அப்படித்தான் என்பது விளக்கமாகும், ஈடாகாது.

இரண்டாவது, ஆங்கிலப் பிரபு. ஆகஸ்ட் ஃபால்க் நடித்த இந்த மனிதர் அச்சத்தால் கெஞ்சுகிறார், உயிர் பிழைத்து நன்றி சொல்கிறார். தாம் செய்தது என்ன என்பதை உள்ளபடி உணர்ந்தாரா? படம் அதை அழுத்திக் கேட்பதில்லை. கெஞ்சுவது வேறு, வருந்துவது வேறு. தெர்யேயின் மாற்றத்துக்கு ஒரு மணி நேரக் காரணங்கள் இருக்கின்றன. பிரபுவின் மாற்றத்துக்குச் சில நொடிகளே கிடைக்கின்றன. பிரபுவின் மனைவியாக வரும் எடித் எராஸ்டாஃப் (ஷோஸ்ட்ரோமை 1922இல் மணந்தவர்) தம் முகத்தில் காட்டும் திகைப்பே அந்த இடைவெளியைச் சிறிது நிரப்புகிறது.

மூன்றாவது, சமரசத்தின் எல்லை. இரண்டு மனிதர்கள் பகை தீர்ந்து பிரிகிறார்கள். முற்றுகை என்னும் போர்முறை அப்படியே இருக்கிறது. தனிமனித மன்னிப்பு அரசுகளின் செயலுக்குத் தீர்வாகாது. இதைப் படத்தின் தோல்வி என்று சொல்வது கடுமையாகும். ஏனெனில் படம் அப்படியொரு தீர்வை முன்வைக்கவில்லை. இறந்தவர்கள் இறந்தவர்களாகவே இருக்கிறார்கள். தெர்யே பெறுவது இழந்த குடும்பத்தை அன்று. மனத்தில் தொடர்ந்துவந்த சிறையிலிருந்து விடுதலையை மட்டுமே.

பிற படங்களோடு ஒப்பீடு

ஷோஸ்ட்ரோமின் அடுத்தடுத்த படங்களில் இதே அக்கறை தொடர்வதைக் காணலாம். 1918இல் வெளியான 'பெர்க்–ஐவிந்தும் அவன் மனைவியும்' ஐஸ்லாந்து மலைகளில் ஒளிந்து வாழும் ஒரு தம்பதியைப் பற்றியது. பசிக்குத் திருடியவன் சட்டத்தின் பார்வையில் என்றும் திருடனாகவே தொடர்கிறான். துரத்தி வருவோர் நெருங்கும்போது தாய் தன் குழந்தையை அருவியில் எறிந்துவிடுகிறாள். பசி, சட்டம், குழந்தை என்ற மூன்றும் மீண்டும் சேர்கின்றன. இங்கே முடிவு கொடியது.

இங்கெபோர்க் ஹோல்மில் மனம் பேதலித்த தாய், வளர்ந்து மாலுமியாகத் திரும்பிய மகன் அவளுடைய இளமைப் புகைப்படத்தைக் காட்டும்போது தெளிவு பெறுகிறாள். தெர்யே குழந்தையின் முகத்தைப் பார்த்து விடுபடுகிறான். இரண்டிலும் ஒரு முகத்தைக் காண்பதே மீட்பாகிறது.

1920களில் ஹாலிவுட் சென்ற ஷோஸ்ட்ரோம் அங்கே இயக்கிய 'காற்று' (1928) படத்தில் பாலைநிலக் காற்று ஒரு பெண்ணின் மனத்தைக் குலைக்கிறது. அதில் இயற்கையின் அச்சுறுத்தலும் மனிதனின் அச்சுறுத்தலும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகின்றன. தெர்யே வீகனில் இரண்டும் தெளிவாகப் பிரிந்தே நிற்கின்றன. முதுமையில் அவர் இங்மார் பெர்க்மனின் 'காட்டு ஸ்ட்ராபெர்ரிகள்' (1957) படத்தில் முதிய பேராசிரியராக நடித்தார். அந்த முகத்தை மட்டும் அறிந்தவர்கள், அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன் கடல் முன் நின்ற நரைத்த தெர்யேயையும் பார்க்க வேண்டும். முதுமையை வேடமாகப் போட்டவரும் முதுமையை உண்மையில் அடைந்தவரும் ஒருவரே என்பதைக் காண்பது திரைப்பட மாணவருக்கு நல்ல பாடம்.

மதிப்பீடு

ஒரு நூற்றாண்டைக் கடந்த படம் இன்றும் பார்க்கத்தக்கதாக இருக்கிறதா என்பதற்கு அதன் வரலாற்று முக்கியத்துவம் மட்டும் விடையாகாது. பொற்காலத்தின் தொடக்கம், செலவு மிகுந்த முயற்சி, திறந்த கடலில் படப்பிடிப்பு ஆகியவை தேர்வுக்கு உதவும் குறிப்புகள். படத்தை உயிரோடு வைத்திருப்பது வேறொன்று.

உணவை ஆயுதமாக்கும் போர்கள் 1814இல் முடிந்துவிடவில்லை, 1917இலும் முடியவில்லை. ஒரு மூட்டை தானியத்தைச் சரக்காகப் பார்ப்பவனுக்கும், அதன் பின்னாலுள்ள குழந்தையைப் பார்ப்பவனுக்கும் உள்ள தூரம் இன்றும் அதே தூரம்தான். அந்தத் தூரத்தைப் பேச்சில்லாமல், வண்ணமில்லாமல், ஒரு படகையும் ஒரு மனிதனையும் வைத்து அளந்து காட்டியது தெர்யே வீகன். முதன்முறை பார்ப்பவர்கள் இறுதிப் படகுக் காட்சி வரும்போது முதல் படகையும் அதிலிருந்த பார்லியையும் நினைவில் கொண்டு பார்த்தால், தெர்யேயின் கை ஏன் தளர்ந்தது என்பது விளக்கமின்றியே புரியும்.